அமாவாசையில ஓடின கேசட்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ரிப்பேர் முடிஞ்ச டேப் ரிக்கார்டரைப் பொதட்டூர்பேட்டையில மாமனார் கையில குடுத்துட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுத் திருத்தணிக்குத் திரும்பணும். அவ்வளவுதான்.

தொண்ணூத்தெட்டோ, தொண்ணூத்தொன்பதோ. திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தேன். கல்யாணமாகி ஆறு மாசம். மாமனார் வீட்டுல ஒரு பொருள் கெட்டுப்போனா புது மாப்பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷம்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். திறமையைக் காட்ட வேற வழி ஏது?

பெல்ட்டை மாத்தினா போதும், சரியாயிடும். அதோட விட்டேனா? பேட்டரி போடற இடத்தை அறுத்து எடுத்துட்டு அங்க ஒரு பெரிய ஸ்பீக்கரைத் திணிச்சேன். பேஸை, அதான் டொம்முனு அடிக்கிற சத்தத்தை, கூட்டினா தரையே அதிரும்.

காரணம், அப்போ எனக்கு டெக்னோ பைத்தியம். பர்மா பஜார்ல வாங்கின கேசட் ஒண்ணு. பாடறவன் கிடையாது, வரி கிடையாது. ஒரே தாளம், அது மேல மிஷின் சத்தமெல்லாம் ஒண்ணொண்ணா ஏறும். கடைக்கு வர்றவங்க "என்னப்பா, கேசட்டு சிக்கிகிச்சா?"ன்னு கேப்பாங்க. ரசனை கெட்ட ஊர்னு மனசுக்குள்ள திட்டிப்பேன்.

கிளம்பும்போதே என் வீட்டுக்காரி சொன்னா. "குடுத்துட்டு வந்துடுங்க. உங்க டொம்டொம் பாட்டை அங்க போட்டுகினு உக்காராதீங்க. அப்பாவுக்குத் தெருவுல ஒரு மரியாதை இருக்குது."

"ஆங், சரி"ன்னேன். கேசட்டைச் சட்டைப் பையில போட்டுகிட்டேன்.

பொதட்டூர்பேட்டையில வீட்டுக்கு வீடு பவர்லூம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தடக் தடக்னு காதுல விழும். அன்னைக்கு ஊரே கம்முனு கிடந்தது.

"அமாவாசை மாப்ள. இன்னைக்கு யாரும் தறி ஓட்டக் கூடாது"ன்னார் மாமனார். தெரு சங்கத்துக்கு அவர்தான் தலைவர். போன அமாவாசைக்கு ஏகாம்பரம்னு ஒருத்தர் அவசர வேலைன்னு கதவைச் சாத்திகிட்டுத் தறி ஓட்டினாராம். மாமனார் கையும் களவுமாப் பிடிச்சு, பிள்ளையார் கோயில் முன்னாடி நிக்க வச்சு, தெரு மொத்தத்துக்கும் மன்னிப்பு கேக்க வச்சாராம். பெருமையா சொல்லிட்டு, "எங்க, பாட்டு போடுங்க பாப்போம்"ன்னார்.

போட்டேன்.

கொஞ்ச நேரம் பொறுமையா கேட்டார். "பாடறவன் எப்போ வருவான் மாப்ள?"

"வரமாட்டான் மாமா."

"அப்போ பாதிப் பாட்டா?"

"இதான் மாமா முழுப் பாட்டு. நீங்க பாவு ஓட்டி, அது மேல ஊடை போட்டு நெய்யறீங்க இல்ல? அந்த மாதிரி ஒரு தாளத்தை நீட்டிவுட்டுட்டு, அது மேல நெய்யறான்."

பாவுன்னதும் மனுஷன் நிமிர்ந்து உக்காந்தார். எனக்குத் தலைகால் புரியலை. "சத்தம் கூட்டினாத்தான் மாமா நுணுக்கம் தெரியும்"னேன்.

"கூட்டுங்க. தெருவுக்குத் தொந்தரவு வாணாம், கதவு ஜன்னலையெல்லாம் சாத்திடுங்க."

சாத்தினேன். ஸ்பீக்கரே தொழிலா வச்சிருக்கிறவன், ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். கதவைச் சாத்தினா மத்த சத்தமெல்லாம் உள்ளேயே நின்னுடும். செவுத்தைத் தாண்டிப் போறது பேஸ் மட்டும்தான். அதாவது தடக், தடக், தடக், தடக்.

கால் மணி நேரத்துல கதவைத் தட்டினாங்க. நான் எழுந்திருக்கவும் கரண்ட் போகவும் சரியா இருந்தது. மாமனார் கதவைத் திறந்தார். முன்னாடி ஏகாம்பரம். பின்னாடி பத்து பேர்.

"என்னா தலைவரே, கதவச் சாத்திகினு?"

"மாப்ள பாட்டு போட்டுகினு இருந்தார்பா."

"பாட்டா? நாங்களும் வெளிய நின்னு கேட்டுகினுதான் இருந்தோம். ஒரு வார்த்தை கூட வர்லியே."

"அதுல வார்த்தையே கிடையாதுங்க"ன்னு நான் விளக்கினேன். யாரும் என் பக்கம் திரும்பலை.

ஏகாம்பரம் நேரா உள்ளே போய்த் தறி மோட்டார் மேல கையை வச்சுப் பார்த்தார். "சூடா இருக்குது."

"சித்திரை வெயில்ல சூடாத்தான் இருக்கும்"னார் மாமனார். என் பக்கம் திரும்பி, "போட்டுக் காட்டுங்க மாப்ள."

"கரண்ட் இல்லையே மாமா."

"பேட்டரியில போடுங்க."

"பேட்டரி போடற இடத்துலதான் மாமா ஸ்பீக்கர் இருக்குது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னிக்கும் மறக்க முடியலை. இருபது வருஷமா சம்பாதிச்ச பேரு, நான் கால் வச்ச ஒரு மணி நேரத்துல போயிடும் போல இருந்தது. நிஜமாவே அழுகை வந்துடுச்சு எனக்கு.

"அவசரமில்ல தலைவரே. கரண்ட் வர்ட்டும், கேப்போம். இல்லன்னா கோயில் இருக்குது. நான் நின்ன இடம் அப்படியேதான் இருக்குது"ன்னு சொல்லிட்டு ஏகாம்பரம் உக்காந்தார். பத்து பேரும் உக்காந்தாங்க. மாமியார் மோர் குடுத்தாங்க.

முக்கால் மணி நேரம் கழிச்சுக் கரண்ட் வந்தது. பட்டன் அமுங்கினபடியே இருந்ததால கேசட் தானா ஓட ஆரம்பிச்சது. எல்லாரும் தறியைத்தான் பார்த்தாங்க. தறி அசையலை.

ஏகாம்பரம் அப்பவும் விடலை. கண்ணை மூடி, தலையைச் சாய்ச்சு, ரொம்ப நேரம் கேட்டார். பரீட்சை ரிசல்ட்டுக்குக் கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை.

"இது தறி இல்ல"ன்னார் கடைசியில.

"எப்டிச் சொல்ற?"ன்னார் பக்கத்துல இருந்தவர்.

"இவ்ளோ நேரம் ஒரு இழை கூட அறுந்து நிக்காம எந்தத் தறிடா ஓடுது?"

எல்லாரும் ஒத்துகிட்டாங்க. மாமனாருக்கு அப்பதான் மூச்சே வந்தது.

அதோட கேசட்டை நிறுத்தியிருக்கணும். நாக்கு சும்மா இருக்குமா? "வெளிநாட்டுல மைதானம் மைதானமா ஜனங்க கூடி இதுக்கு ஆடறாங்க. கேட்டா ஒருத்தராலயும் உக்காந்திருக்க முடியாது"ன்னு ஆரம்பிச்சேன். எல்லாரும் தலையாட்டினாங்க. நம்ம மக்களுக்கும் பிடிச்சுப்போச்சேன்னு உற்சாகமாப் பேசிகிட்டே போனேன்.

அப்போ அடுத்த வீட்டுப் பொண்ணு ஒண்ணு தோள்ல குழந்தையோட மாமனார்கிட்ட ஓடி வந்தது. "நைனா, அந்தப் பாட்ட நிறுத்திடாதீங்க. தறிச் சத்தம் இல்லாம காலையிலேர்ந்து தூங்காம கத்திகினு இருந்தான். இப்பதான் கண்ண மூடினான்"னு மெதுவாச் சொல்லுச்சு.

அப்பதான் திரும்பிப் பார்த்தேன். ஏழு பேர் செவுத்துல சாஞ்சு நல்ல தூக்கம். ஏகாம்பரம் குறட்டை.

மாமனார் பாதிக் கண்ணைத் திறந்து, "அருமையான பாட்டு மாப்ள. கேசட்டு இங்கயே இருக்கட்டும்"னார்.

அன்னையிலேர்ந்து அமாவாசைக்கு அமாவாசை அந்தத் தெருவுல அது தாலாட்டா ஓடிச்சு. அதோட ரெண்டாவது பக்கத்துல என்ன இருக்குன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது.