முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஜீப்பைத் தூக்கினேன்

என் வாழ்க்கையில் நான் செய்த நிரந்தரமான தவறுகள் எல்லாமே, "இப்போதைக்கு இது போதும்" என்று ஆரம்பித்தவைதான். அவற்றில் பெரிய தவறு நான்கு அங்குல உயரம்.

கிள்ளானில், கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் படிவம் நிரப்புவது என் வேலை. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவனுக்குக் காடு மேடு ஏறும் ஆசை வந்துவிட்டது. பழைய ஜீப் ஒன்றை வாங்கினேன். திங்கட்கிழமை பொது விடுமுறைக்கு, செமினி பக்கம் ஒரு மலைப்பாதையில் நண்பர்களோடு போவதாகத் திட்டம். "ஒன் வண்டி ரொம்ப தாழ்வா இருக்கு. பாறையில வயிறு தட்டும்லா" என்றான் அலுவலக நண்பன் தினேஷ்.

வண்டியை முறைப்படி தூக்கி உயரமாக்குவதென்றால் ஸ்பிரிங் எல்லாம் மாற்ற வேண்டும். என் கைக்கு எட்டியது, ஸ்பிரிங் தலையில் வைக்கும் நான்கு அங்குலக் கெட்டி ரப்பர் கட்டைகள் மட்டுமே. பார்க்கக் கருப்பு இட்லி மாதிரி இருக்கும். ஒரு பயணத்துக்குத் தாங்கினால் போதாதா?

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மாலதியின் தங்கை கவிதாவுக்குக் கல்யாணம், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கோயிலில். "கல்யாணம் முடியிற வரைக்கும் அந்த வண்டியில கைய வைக்காதீங்க" என்று மாலதி சொல்லியிருந்தாள். ஆனால் கல்யாணத்துக்கு நாங்கள் போகப்போவது அவளுடைய சின்ன காரில். ஜீப்புக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? (இப்படி யோசித்த மூளையை இன்றும் நான்தான் வைத்திருக்கிறேன்.)

சனிக்கிழமை காலை அவள் அம்மா வீட்டுக்கு, அதாவது என் மாமியார் வீட்டுக்குப் போனதும், தினேஷ் ஜாக்கியோடு வந்தான். முன்பக்கம் ஒழுங்காக முடிந்தது. பின்பக்கம் கட்டைகளை வைத்த பிறகு, ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் எட்டவில்லை. வண்டி உயர்ந்துவிட்டது, அது பழைய நீளத்திலேயே இருந்தது.

"கழட்டி வச்சிடு. நாளன்னிக்கு மலையில நீளமானது ஒருத்தர் கொண்டு வராரு."

"அது இல்லாம ஓடுமா?"

"ஓடும்லா. கொஞ்சம் ஆடும்."

கட்டைகள் நகராமலிருக்க வெள்ளை பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டினோம். தினேஷ் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு மாலதியும் பெற்றோரும் சீர்த்தட்டுகளோடு சின்ன காரில் கோயிலுக்குக் கிளம்பினார்கள். நான் பெண்வீட்டைப் பூட்டிவிட்டு, கல்யாணப் பெண்ணோடு கடைசியாக வர வேண்டியவன். எட்டு மணிக்குக் கவிதா வாசலுக்கு ஓடி வந்தாள். அவளை ஏற்றிச்செல்ல வேண்டிய அலங்காரக் கார் ஷா ஆலம் தாண்டி வழியிலேயே நின்றுவிட்டதாம். முகூர்த்தம் ஒன்பதரைக்கு.

"அத்தான், ஜீப் இருக்குல்ல? கெளம்பலாம்."

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த தெருவிலிருந்த எங்கள் வீட்டுக்குப் போய் ஜீப்பை மெல்ல ஓட்டி வந்தேன். சமையலறை முக்காலியைப் போட்டு, பட்டுப்புடவையும் மாலையுமாக அவளை ஏற்றினோம். கூட ஏறிய அவள் தோழி ஷாந்தி, "வீடு மாதிரி உயரமா இருக்கு" என்றாள். நான் சாவியைத் திருப்பினேன்.

நெடுஞ்சாலையில் அறுபதைத் தாண்டியதும் பின்பக்கம் ஊஞ்சல் ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு மேட்டிலும் 'டொக்' என்று ஒரு சத்தம். லோரிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. கண்ணாடியில் பார்த்தேன். கவிதா முகம் வெளுத்திருந்தது.

"அத்தான், ஒடம்பெல்லாம் நடுங்குது. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. நான் இந்தக் கல்யாணத்துக்கு ரெடி இல்லையோ?"

நடுங்கியது வண்டி. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கல்யாணம்னா அப்படித்தாம்மா. பயம் இருக்கும்."

அவள் கண்ணில் நீர் கட்டியது. ஷாந்தி மை கலையாமல் துடைத்துவிட்டாள். இதைவிட அற்பமான காரியம் நான் இன்றுவரை செய்ததில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து, கோயிலுக்கு நாலு கடைத்தெரு தூரம் இருக்கும்போது, ஒரு வேகத்தடை. ஊர்ந்துதான் ஏறினேன். பின்சக்கரம் இறங்கியபோது ஒரு பெரிய சத்தம். ஜீப் இடது பக்கம் சரிந்து உட்கார்ந்தது. பிறகு ரப்பர் தேயும் வாடை.

இறங்கிப் பார்த்தால் ஸ்பிரிங் கோணலாக நின்று டயரை உரசிக்கொண்டிருந்தது. பூக்கடை அக்கா ஒருவர் கருப்புக் கட்டையைக் கையில் ஏந்தி வந்தார்.

"அண்ணே, இது ஒங்களுதா? உருண்டு எங்க பூக்கூடைக்குள்ள விழுந்துருச்சு."

ஒன்பது பத்து. மாலதி போன் அடித்துக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னலருகே போய், தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றி வைத்த ஷாக் அப்சார்பர், பிளாஸ்டிக் பட்டை, எதையும் விடவில்லை.

கவிதா என்னையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப வழியெல்லாம் நடுங்குனது வண்டியா?"

"வண்டிதாம்மா."

"நான் இல்லையா?"

"இல்ல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கையை நீட்டி விரல்களைப் பார்த்தாள். அவை அசையவே இல்லை. "எறக்கி விடுங்க. நடந்தே போறேன்."

முக்காலி கிள்ளானிலேயே இருந்ததால் பூக்கடை அக்காவும் ஷாந்தியும் கைகொடுத்து இறக்கினார்கள். அக்கா பெரிய குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தார். கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். தோசைக்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கழுவாமலே கைதட்டினார்கள். ஒரு டாக்சிக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி வழி விட்டார். நான் கடைசியில், வேட்டியில் கிரீஸ் கறையோடு, அந்தக் கட்டையை எங்கே போடுவதென்று தெரியாமல் இரண்டு கைகளிலும் ஏந்தி நடந்தேன்.

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா நெகிழ்ந்து போய் நின்றார். "பொண்ணு ஊர்வலமா வர்றதா எங்ககிட்ட சொல்லவே இல்லையே! அருமையான ஏற்பாடு." என் கையைப் பார்த்து, "இது என்ன சீரு?" என்றார். மாலதி எனக்கு முன்னால் வந்து நின்று, "அது அவரோட சொந்த சீருங்க" என்றாள். அன்று முழுக்க அவள் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் அது, அதுவும் வேறொருவரைப் பார்த்து.

தாலி கட்டியபோது கவிதாவுக்குக் கை நடுங்கவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் நடுங்கியது.

இப்போது குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் கவிதாதான் வேலைகளைப் பிரித்து எழுதுகிறாள். யார் பூ, யார் சாப்பாடு, யார் எந்தக் காரில் யாரை அழைத்து வருவது என்று எல்லாம் இருக்கும். போன மாதம் வந்த பட்டியலில் என் பெயரைத் தேடினேன். கடைசி வரியில் இருந்தது:

"அத்தான்: நடந்து வரவும்."