எர்லீன் அம்மையாரின் மணிக்கட்டு நலமாக இருந்த கதை

அன்பு என்ற ஒன்று இந்த உலகத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது என்றால், அது விபத்துக் காப்பீட்டு நிறுவனங்களில்தான் இருக்கிறது. பெற்ற பிள்ளை மாதத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு விசாரித்தாலே அதிகம். நிறுவனமோ எலும்பு முறிந்த மறுநாளே கூப்பிடுகிறது. நாம் பேசுவதைப் பதிவு செய்தும் வைத்துக்கொள்கிறது, அவ்வளவு பிரியம்.

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், லஃபயெட் நகரத்துப் பள்ளிக்கூடச் சமையற்காரர் எர்லீன் ஃபோந்தனோவுக்கு இந்த அன்பு ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. வியாழனன்று பேரங்காடிக்கு இறால் வாங்கப் போனவர், ஐஸ் உருகி ஓடிய தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. மேலாளர் பதறி ஓடி வந்தார். "கவனம், வழுக்கும்" என்ற மஞ்சள் பலகையைத் தேடி எடுத்து, விழுந்து கிடந்தவரின் தலைமாட்டில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டார். எர்லீன் நல்ல வளர்ப்பு. தன்னை மன்னிக்கச் சொல்லி, மேலாளரின் வேலையைக் கெடுத்துவிட்டதாக வருந்தினார். மேலாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

பத்து நாளுக்குள் அறுவைச் சிகிச்சை செய்து எலும்பில் தகடு வைத்தால் கை பழையபடி திரும்பும், இல்லாவிட்டால் கோணலாகக் கூடிவிடும், அப்புறம் கரண்டி பிடிக்கிற வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் மருத்துவர். பகுதி நேர ஊழியரான எர்லீனுக்கென்று மருத்துவக் காப்பீடு கிடையாது. கடையின் காப்பீட்டு நிறுவனம் தலையசைத்தால்தான் தகடு.

வெள்ளிக்கிழமை அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு அலுவலர் கெஸ்லர் கூப்பிட்டார். தேன் குரல்.

"மிஸ் எர்லீன், இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

சாகக் கிடந்தாலும் அந்த ஊரில் இதற்கு ஒரே பதில்தான்.

"நல்லா இருக்கேன் தம்பி. நீ எப்படி இருக்கே? அம்மா சௌக்கியமா?"

நான்காம் நாள் கடிதம் வந்தது. கோரிக்கையாளர் தாம் நலமாக இருப்பதைத் தம் வாயாலேயே உறுதி செய்தது குறித்து நிறுவனம் பெருமகிழ்ச்சி அடைவதாகவும், ஆகவே சிகிச்சைக்கு "அவசியம் எழவில்லை" என்றும் கண்டிருந்தது.

எர்லீன் வழக்கறிஞர் ராய்ஸ் மெலான்சனிடம் போனார். நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகளில் கதவு அகலப் பற்களோடு சிரிப்பவர் அவர்தான். பதிவைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கேன்னு ஏம்மா சொன்னீங்க?"

"கேட்டான், சொன்னேன். அது மரியாதை இல்லையா?"

"அந்த மரியாதைதான் நம்ம கேஸைக் கெடுத்துச்சு. இனி யாரு கேட்டாலும் மோசம்னு சொல்லுங்க. சாமியாரே கேட்டாலும்."

"அவரே முட்டி வலியில கிடக்கார். அவர்கிட்டப் போய் எப்படிச் சொல்றது?"

ஞாயிறன்று மாதா கோயிலில், பூசை முடிந்ததும், எப்படி இருக்கிறீர்கள் என்று பங்குச் சாமியார் கேட்டார். எர்லீன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மோசம்" என்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. அப்படியொரு பதிலை அந்த ஊர் கேட்டதே இல்லை. மறுநாள் காலை சாமியார் கடும் நோயாளிகளுக்குப் பூசி ஜெபிக்கும் எண்ணெயோடு வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னாலேயே அக்கம்பக்கத்தார் பானை பானையாகக் கம்போ குழம்பு கொண்டுவந்தார்கள். அதை எர்லீன் இடது கையால் சாப்பிடுவதை எதிர்சாரிக் காரிலிருந்து நிறுவனத்தின் துப்பறிவாளர் படமெடுத்து, "ஒரு கையே போதுமானதாக உள்ளது" என்று கோப்பில் சேர்த்தார்.

இதற்கிடையில் மருத்துவர் சொன்ன பத்து நாள் கெடுவை எலும்பு மட்டும்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தது. யாருக்கும் கடிதம் எழுதாமல், கோணலாகவே கூடிக்கொண்டது. பள்ளிக்கூடம் வேறு ஆளைப் போட்டது. அன்றைக்குத்தான் எர்லீன் அழுதார். அதைப் படமெடுக்க யாரும் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்துச் சமரசம் பிறந்தது. சமரசக்காரருக்குக் கூலி, மெலான்சனுக்கு மூன்றில் ஒரு பங்கு, செலவைக் குறைத்த கெஸ்லருக்கு நிறுவனத்தின் ஆண்டுப் பரிசு. மூவரும் ஒருவரையொருவர் மனதாரப் பாராட்டிக்கொண்டார்கள்.

சமரசக்காரரின் அறையில் கெஸ்லர் எழுந்து வந்து, மிச்சத்துக்கான காசோலையைப் பணிவோடு நீட்டினார். எர்லீன் வலது கையை நீட்டினார். உள்ளங்கை தரையைப் பார்த்தே நின்றது. தோளைச் சாய்த்தார், முழங்கையைத் தூக்கினார். அது மேலே பார்க்கவில்லை.

"திரும்ப மாட்டேங்குது தம்பி" என்றார்.

"பரவாயில்லைம்மா, நான் வாங்கிக்கிறேன்" என்று மெலான்சன் கையை நீட்டினார். எலும்பு முறிந்தவரைத் தவிர, அந்த அறையில் எல்லோருடைய கையும் வாங்குவதற்கு வாகாகத்தான் இருந்தது.