ஆணிகூட மாற்றாத வண்டி

நூலகர் காருக்கு அடியில் கிடந்தார். வெளியே தெரிந்தவை அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும்தான்.

"நாலு மணிக்கு அப்பா அம்மா வர்ற ரயில் வந்துடும்," என்றாள் மனைவி, அந்தப் பாதங்களைப் பார்த்து. "சத்தம் நின்னுச்சா?"

நூலகர் ஊர்ந்து வெளியே வந்தார். "ஸ்டார்ட் பண்ணு, பாக்கலாம்."

அவள் சாவியைத் திருகினாள்.

கடகடகடகட.

அலுமினியப் பாத்திரம் ஒன்று மாடிப்படியில் உருண்டுகொண்டே இருப்பது போலிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் பட்டென்று மூடிக்கொண்டது.

"அப்பாவைப் பின் சீட்டுல உக்கார வச்சா?" என்றாள்.

"அங்கதான் சத்தம் ஜாஸ்தி."

"அப்ப முன்னாடி உக்காரட்டும். எப்படியும் கண்டுபிடிச்சிடுவாரு. அவரு கண்ணாலேயே கேப்பாரு."

நூலகர் மறுபடி காரைப் பார்த்தார். சத்தம் போடுகிறவர்களை உதட்டில் விரல் வைத்தே அடக்கிப் பழகியவர் அவர். இதை எந்த விரலை வைத்து அடக்குவது என்று தெரியவில்லை.

கல்யாணமாகி எட்டு வருடத்தில் மாமனார் அவரை நம்பி ஒரு குடையைக்கூட இரவல் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் ஆறு மாதத்துக்கு முன், முட்டி வலிக்கிறது, இனி ஓட்ட முடியாது என்று சொல்லி, கார்ச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "ஒரு ஆணிகூட மாத்தல மாப்பிள்ளை. கம்பெனியில வந்தது வந்தபடி இருக்கு. பாத்துக்கோங்க." அன்றுதான் தான் அந்தக் குடும்பத்துக்கு மாப்பிள்ளையானதாக நூலகருக்குத் தோன்றியது.

அதன்பின் ஞாயிறுதோறும் தொலைபேசி வரும்.

"வண்டி எப்படி இருக்கு? சத்தம் கித்தம் ஏதும்..?"

"இல்ல மாமா. பூனை மாதிரி போகுது."

மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு ஒரு பெருமூச்சு. பிரிந்த வண்டியை நினைத்து மனுஷன் ஏங்குகிறார் என்று நூலகரும் சேர்ந்து மௌனமாக இருப்பார்.

போன வாரம் நூலகத்தெரு வேகத்தடையில் பழைய சைலன்சர் கழன்று விழுந்தது. நூலகர் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து, மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்தார். குழாயில் மூன்று இடத்தில் கம்பி சுற்றியிருந்தது. இந்தக் காலத்தில் எந்தக் கம்பெனி இவ்வளவு அக்கறையாகக் கட்டித் தருகிறது என்று அதை ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

மெக்கானிக் வேறொரு குழாயைப் பொருத்தினார். "வேற கம்பெனி பைப்பு சார். ஆனா அச்சு அசல் அதே மாதிரி."

பொருத்திய நாளிலிருந்தே கடகட. மறுநாள் மெக்கானிக் ஒரு ரப்பர் வளையம் போட்டார். அதற்கு முன் ஓடும்போது மட்டும்தான் சத்தம். அதற்குப் பின் நிற்கும்போதும் வந்தது.

"ஓட ஓடப் பழகிடும் சார்."

"வண்டிக்கா?"

"உங்களுக்கு."

இன்று மெக்கானிக் கடை விடுமுறை. நூலகர் நூலகத்திலிருந்து ஒரு வாகனப் பராமரிப்புப் புத்தகம் எடுத்து வந்திருந்தார். 'எல்லாத் திருகுகளையும் முடுக்கிய பிறகும் சத்தம் நிற்காவிட்டால்' என்று ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள். வேறு நாளாயிருந்தால் கோபம் வந்திருக்கும். கிழித்தவனும் இப்படித்தான் மல்லாந்து கிடந்திருப்பான் என்று தோன்றியதால், வரவில்லை.

திருகுகளை இன்னொரு முறை முடுக்கினார். ஒன்று தலை உடைந்து அவர் நெற்றியில் விழுந்தது. பிஸ்கட் டப்பா மூடியை வளைத்துக் குழாய்க்கும் வண்டிக்கும் இடையில் செருகினார். கடகட போய், பல் கூசும் ஒரு கிறீச்சல் வந்தது.

"இவ்வளவு நேரம் பாத்திரம் உருண்டுச்சு," என்றாள் மனைவி. "இப்ப யாரோ அதைத் தேய்க்கிறாங்க."

மணி மூன்று. நூலகர் எழுந்து உள்ளே போனார். மனைவியின் அலமாரியைத் திறந்தார். ஒரு புடவையை மெல்லக் கட்டிலில் கிடத்தி, அது தொங்கிக்கொண்டிருந்த கம்பி ஹேங்கரை எடுத்துவந்தார். அதை நீட்டி, குழாயைச் சுற்றி இழுத்து முறுக்கினார்.

சத்தம் நின்றது.

நூலகர் கண்ணை மூடி அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"என் ஹேங்கரா அது?" என்றாள் அவள்.

"ஒண்ணுதானே."

ரயிலடியில் மாமனார் முதலில் காரைத்தான் பார்த்தார். சுற்றி வந்தார். பின்பக்கம் போனதும் ஒரு கணம் நின்றார். நூலகர் அவசரமாகப் பெட்டிகளைத் தூக்கினார். இரண்டு பெட்டிகளும் ஒரு மூட்டையும் ஏறின. மாமனார் முன்னால் உட்கார, மாமியார் பின்னால் மகளோடு உட்கார்ந்தார்.

இரண்டு தெருவுக்கு வண்டி பூனையாகத்தான் போனது. மூன்றாவது தெருவில் ஆரம்பித்தது.

கட.

நூலகர் இருமினார்.

கடகட.

"மாமா, ரயில்ல கூட்டமா?" என்று சத்தம் போட்டார்.

மாமனார் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். குடையைக்கூட இரவல் கொடுக்காதது சரிதான் என்று அவர் நினைப்பதாக நூலகருக்குப் பட்டது. மனைவி பின்னாலிருந்து எட்டி ரேடியோவைப் போட்டாள். பாட்டுக்கு ஏற்ற தாளத்தில் கடகட தொடர்ந்தது.

அப்புறம் அதே வேகத்தடை. படாரென்று ஓர் ஓசை, தார்ச்சாலையில் இரும்பு உராயும் இரைச்சல். நூலகர் வண்டியை ஓரம் கட்டி, ரேடியோவை அணைத்தார்.

மாமனார் கதவைத் திறந்து இறங்கினார். முட்டி வலிக்காரர், பின்னால் போய் அனாயாசமாகக் குனிந்து பார்த்தார். குழாயின் ஒரு முனை தரையில் கிடந்தது. மறுமுனையில் ஹேங்கர் பாதி பிரிந்து தொங்கியது.

நூலகர் பக்கத்தில் போய் நின்றார். "மாமா, மன்னிச்சிடுங்க. நீங்க குடுத்த பைப்பு போன வாரமே விழுந்துடுச்சு. பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். இது வேற. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மாமனார் அவரைப் பார்க்கவேயில்லை. காது இரண்டும் சிவந்திருந்தன.

"ஒரு சுத்து சுத்தினா நிக்காது," என்று முணுமுணுத்தார். "மூணு இடத்துல கட்டணும்."

சட்டையைக் கழற்றி நூலகர் கையில் கொடுத்துவிட்டு, மல்லாந்து படுத்து, ஒரே உந்தில் வண்டிக்கு அடியில் போனார். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. "இன்னும் ரெண்டு ஹேங்கர் இருக்கா?"

நூலகர் சட்டையும் கையுமாகச் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஹேங்கரா? நடுரோட்டுல ஹேங்கருக்கு எங்க மாமா போறது?"

பின்கதவு திறந்தது. மாமியார் நிதானமாக இறங்கி, தன் பெட்டியைச் சாலையிலேயே திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து இரண்டு கம்பி ஹேங்கர்களை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க மாப்பிள்ளை. என் அலமாரியில மிச்சம் இருந்ததே இந்த ரெண்டுதான். இதையாவது காப்பாத்தலாம்னுதான் வண்டிய உங்க தலையில கட்டச் சொன்னேன்."