சம்பந்தியின் கொல்லைக்கு ஒரு நீச்சல் குளம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், என் மனைவி, உங்கள் மகள், உங்கள் மாப்பிள்ளை, குளத்து மோட்டார் ஆகிய ஐவரும் சௌக்கியம். மோட்டார் இன்று காலைதான் சௌக்கியமாயிற்று. அங்கே நீங்களும் தங்கச்சியும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டம்மா என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து அவர் எனக்குத் தங்கச்சிதான், உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த மொத்தத் தொகையையும் போட்டு, எங்கள் வீட்டில் இருப்பது போலவே உங்கள் கொல்லையிலும் ஒரு நீச்சல் குளம் கட்டப்போவதாகவும், திங்கட்கிழமை முன்பணம் கொடுக்கப்போவதாகவும், அதற்குள் செலவு விவரத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதச் சொல்லியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே வார்த்தையில் சொல்கிறேன். வேண்டாம். உங்களைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது, எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் வெட்டுக்கூலி. ஒரு குழிக்கு எவ்வளவு ஆகிவிடும் என்று நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். மண் தோண்டும் வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான், அது எங்கள் பக்கவாட்டு வழியைவிட இரண்டு சாண் அகலம் என்று தெரிந்தது. சுவரை இடித்தோம். அந்தச் சுவரில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாதி பங்கு, ஆகவே திரும்பக் கட்டி அவர் பக்கம் பெயிண்டும் அடித்துக் கொடுத்தோம், புதுச் சுவருக்குப் பக்கத்தில் பழைய வீடு நன்றாக இல்லை என்று அவர் வீட்டுக்கும் பெயிண்ட் அடித்துக்கொண்டார், நம் செலவில். ஐந்தடியில் பாறை வந்தது. கான்ட்ராக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், பாறை வந்தா நல்லது சார், ஆயுசுக்கும் அசையாது" என்றார். அந்த நல்லதுக்குத் தனி ரேட்டாம். எதைக் கேட்டாலும் "நாளைக்கு முடிஞ்சிரும் சார்" என்பார், அதனால் என் மனைவி அவருக்கு நாளைக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டாள். மூன்று மாத வேலை எட்டு மாதம் இழுத்தது. அதுவரை குழிக்குள் மழைத்தண்ணீர், தண்ணீருக்குள் தவளை. வீட்டில் முதன்முதலில் நீந்தியது அவைதான், அதுவும் இனாமாக. ஒரு புதுக் காரை வாங்கிக் குழிக்குள் தள்ளி மண்ணைப் போட்டு மூடியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும்.

அப்புறம் தண்ணீர், நாற்பதாயிரம் லிட்டர். நான் முப்பத்தோரு வருஷம் தண்ணீர் வரி ஆபீசில் உட்கார்ந்து, குழாயைச் சொட்டவிட்டவனுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பினவன். இப்போது எனக்கே வருகிறது. கீழே கையெழுத்துப் போட்டிருப்பவன் என்னிடம் வேலை கற்றவன். "கண்டிப்பாக" என்ற வார்த்தைக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

கட்டியதோடு விட்டதா? கைக்குழந்தை மாதிரி தினமும் அதற்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கணும். ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, நாலு சொட்டு மருந்து விட்டு, வருகிற நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்க்கணும். நிறத்தில் எனக்கும் என் மனைவிக்கும் இதுவரை ஒத்துப்போனதே இல்லை. அவள் இளம் ரோஸ் என்பாள், எனக்கு அது சந்தேகமான ரோஸ். ஒரு தடவை அவள் பேச்சைக் கேட்டுக் குளோரின் போடாமல் விட்டதில் ரெண்டே நாளில் தண்ணீர் பச்சையாகி, உள்ளே விழுந்த துடைப்பம் ஒரு வாரம் கண்ணிலேயே படவில்லை. அடுத்த தடவை என் பேச்சைக் கேட்டுத் தாராளமாகப் போட்டதில் உங்கள் மாப்பிள்ளையின் கறுப்பு டிரவுசர் பழுப்பாகிவிட்டது. மோட்டார் தினம் ஆறு மணி நேரம் ஓடணும், மின்சார மீட்டரைப் பார்த்தா நமக்குத் தலை சுத்தும். இது போதாதென்று பக்கத்து வீட்டு மரம். தண்டு அவர் பக்கம், இலை நம் பக்கம். தினம் காலையில் நீளக் கம்பு வலையை வைத்து ஒரு மணி நேரம் அள்ளணும்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் வேகமாக முடிப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வலை இறங்கும்போது தண்ணீரில் தெரிகிற மேகம் கலையும், எடுத்தால் திரும்பவும் ஒன்று சேரும். ஒரு இலையைப் பிடிக்கப் போனால் அது மெதுவாக நகர்ந்து போகும், போகட்டும் என்று விட்டுவிடுவேன். சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் சுவரில் ஏறி, தண்ணீரின் நெளிவெல்லாம் சமையலறைக் கூரையில் ஆடும். இதையெல்லாம் எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். உங்களுக்கே தெரியும், எனக்கு நீச்சல் வராது. இந்த வயசில் என்னை மல்லாந்து மிதக்க வைத்தது உங்கள் மகள்தான். "மாமா, கழுத்தைக் கெட்டியா வச்சுக்காதீங்க. தலையை விடுங்க, தண்ணி பாத்துக்கும்" என்றாள். விட்டேன். காது ரெண்டும் தண்ணிக்குள்ள போன உடனே உலகம் அப்படியே அடங்கிப்போச்சு சம்பந்தி. மோட்டார் சத்தம் எங்கேயோ யாரோ தூங்குகிற மாதிரி கேட்டது. என் மனைவி கரையில் நின்று கரண்ட் பில்லை ஆட்டிக்கொண்டு ஏதோ சொல்கிறாள், வாய் அசைகிறது, ஒன்றுமே கேட்கவில்லை, எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று தோன்றியது. எனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோச்சு. கடனில்லை, மூட்டு வலியில்லை, வானம் மட்டும்தான். நீங்களும் போன மாதம் வந்தபோது அப்படியே கண்ணை மூடி மிதந்து கிடந்ததைப் பார்த்தேன், அந்த முகத்தோடு இருக்கிற மனிதரிடம் நான் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

கட்டுங்கள் சம்பந்தி. பணம் என்ன பணம். திங்கட்கிழமை நாளைக்காரரையே அனுப்புகிறேன், செவ்வாய்க்கிழமை வந்து சேருவார். பாறை ரேட்டை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

தங்கச்சியை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் இருவருக்கும் ஆயுளும் ஆரோக்கியமும், உங்கள் மோட்டாருக்கு நல்ல குணமும் வாய்க்க வேண்டும் என்று மனதார விரும்பும்,

உங்கள் சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டுமுன் என் மனைவி வாங்கிப் படித்துவிட்டாள். "அவரை நிறுத்தச் சொன்னா இப்படியா எழுதுவீங்க? இதைப் படிச்சா அவர் இன்னும் ரெண்டடி ஆழமாவே வெட்டுவாரு" என்றாள். விஷயம் இதுதான். போன வாரம் தங்கச்சி போன் செய்து, "அண்ணா, எப்படியாவது அவரைத் தடுத்துடுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்டிருந்தார். சொல்லிவிட்டேன், மன்னிக்கச் சொல்லுங்கள். பணம் போய்விடுமே என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்றேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பணமா? கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் எப்படி வருவாங்க? நாற்காலி நுனியில உட்கார்ந்து, காபியைச் சூடா முழுங்கிட்டு, பொண்ணு குடுத்த வீட்ல எவ்வளவு நேரம் இருக்கிறதுன்னு எழுந்துடுவாங்க. இந்தப் பொண்ணு கார் திரும்புற வரைக்கும் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். இப்போ குளிக்கிற சாக்குல ரெண்டு நாள் இருந்துட்டுப் போறாங்க. அவங்க கொல்லையிலயே தண்ணி வந்துட்டா, அப்புறம் அவங்க எதைச் சொல்லிட்டு இங்க வருவாங்க?"

எனக்கு இது உறைக்கவே இல்லை சம்பந்தி. வெட்கமாக இருக்கிறது. ஆகவே மேலே எழுதியது அத்தனையும் வாபஸ். குளம் கட்டாதீர்கள். நான் செய்த செலவு அதிகம் என்று எழுதியதும் வாபஸ். சனிக்கிழமை இருவரும் கிளம்பி வாருங்கள், இனி குளிக்காவிட்டாலும் வாருங்கள். இந்தக் கடிதம் பற்றி எதுவும் உங்கள் மகளுக்குத் தெரியாது. மாடியில் காலி அறைக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த அறையை அவள் "அப்பா அம்மா ரூம்" என்றுதான் சொல்கிறாள்.