அர்ச்சனாவும் செத்துப்போன பிரெஞ்சுக்காரரும்

கரிக்கலாம்பாக்கம்

அன்புள்ள மச்சான் இளங்கோவுக்கு, தேவநாதன் எழுதுவது. கோகிலாம்பிகை தயவில் நானும் உன் அக்கா ஜெயசுதாவும் சௌக்கியம், கரும்பும் சௌக்கியம். பாரிஸ் குளிரில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோனில் சொன்னால் உன் அக்கா நடுவில் பிடுங்கிக்கொள்வாள் என்பதால் கடிதம்.

உன் மருமகள் அர்ச்சனா முனைவர் பட்டத்துக்காக மொர்வான் என்ற பிரெஞ்சுத் தத்துவ ஞானியைப் பிடித்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். நாம் பார்க்கிற உலகத்தில் பாதி நம் மனசு கட்டுவது என்று எழுதியவராம். கரும்புக்குள் மாடு இறங்கியபோது, “இதுவும் மனசுதானாம்மா?” என்று கேட்டேன். “மாடு நெசம்பா. அது என் கரும்புன்றதுதான் மனசு” என்றாள். மாட்டை நான்தான் ஓட்டினேன்.

போன ஞாயிறு மூலக்குளத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் குமரவேல், மின்துறையில் வேலை, சாதுவான பிள்ளை. அவன் அம்மா சின்னபொண்ணு, “இன்னாம்மா பண்ற?” என்று கேட்க, இவள், “மூணு வருஷமா மொர்வானோடதான் இருக்கேன், அத்தை” என்றாள். கேசரி எடுத்த கை பாதி வழியில் நின்றுவிட்டது. “வெள்ளக்காரனா?” என்றார் அந்த அம்மா. நிலைமையைக் காப்பாற்ற நினைத்து நான், “அவரு செத்து நூறு வருஷமாச்சுங்க” என்று சொல்ல, “செத்தவனோடயா?” என்று அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ள, இவளாவது வாயை மூடியிருக்கலாம். “இல்ல அத்தை, கடைசில அவருக்குக் கண்ணு போயிடுச்சு. கண்ணு போனாலும் ஒலகம் போவலன்னு சொல்லிச் சொல்லிப் பொண்டாட்டிய எழுத வெச்சாரு. அந்த புக்கத்தான் படிக்கிறேன்” என்றாள். அந்த அம்மாவின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. பையனைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து ஜெயசுதா அடுப்போடு மட்டும்தான் பேசுகிறாள்.

ஆகையால் மச்சான், தாய்மாமன் சொன்னால் கேட்பாள். செத்தவரை விட்டுவிட்டு பி.எட். சேரும்படி கண்டிப்பாகச் சொல்லு. அந்த ஆள் எழுதிய புத்தகம் எதையும் இனி அனுப்பாதே.

உன் வீட்டில் விளக்கும் ஹீட்டரும் அணையாமல் எரியட்டும். சின்னக்குட்டி அபிதாவுக்கு என் ஆசி.

தேவநாதன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரம் சின்னபொண்ணம்மா மறுபடி வந்தார். குமரவேலோடு, தன் கணவரையும் கைபிடித்துக் கூட்டி வந்திருந்தார். சர்க்கரையில் பார்வை போனதிலிருந்து வீட்டுப்படி இறங்காதவராம். “அந்த ஆளு சொன்னத இவுருக்குத் தமிழ்ல சொல்லும்மா” என்றார் அர்ச்சனாவிடம். அவள் சொல்லச் சொல்ல மனிதர் அசையாமல் கேட்டார். பிறகு, “அந்தம்மா சலிச்சுக்காம எழுதுச்சா?” என்றார். “நடுவுல சண்டையும் போட்டாங்களாம், மாமா.” அவர் சிரித்துவிட்டார். சின்னபொண்ணம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்யாணப் பேச்சை இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஆனால் ஜெயசுதா பெரிய பாத்திரத்தில் உலை வைத்திருக்கிறாள். நீ அர்ச்சனாவிடம் ஒன்றும் பேச வேண்டாம். மொர்வானின் மிச்சப் புத்தகங்கள் அங்கே கிடைத்தால் உடனே அனுப்பு. குமரவேலின் அப்பா அடுத்த ஞாயிறும் வருகிறாராம்.