இடது காதுக்காரி

இனிமேல் எதையும் அரைகுறையாகக் கேட்பதில்லை என்று கண்ணாடிக் கடைக்காரர் தம்முடைய ஐம்பத்திரண்டாவது வயதில் சபதம் எடுத்தார். சபதம் நல்ல சபதம்தான். எடுத்த இடம்தான் சரியில்லை. சமையலறை வாசலில் நின்று எடுத்தார்.

"இனிமே எதைக் கேட்டாலும் முழுசாக் கேட்கணும். ஒரு துளி விடக்கூடாது."

"நல்லதாப் போச்சு" என்றாள் மனைவி. "பின் ரூம் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும்னு மூணு வருஷமாச் சொல்றேன். அதிலேர்ந்து ஆரம்பிங்க."

"நான் சங்கீதத்தைச் சொன்னேன்."

"அதானே பார்த்தேன்."

அவருடைய தொழில் அப்படி. ஆளை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைச் செருகி, உருவி, இன்னொன்றைச் செருகி, "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவு?" என்று கேட்பார். நாள் முழுக்க இதே கேள்வி. மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரைக்கும் கடை அடைப்பு, அப்போதுகூட மனைவி இரண்டு தலையணை உறையைக் கையில் எடுத்தால் "ஒண்ணா, ரெண்டா?" என்பார். எந்தப் பொருளை எடுத்தாலும் அதைவிடத் தெளிவான இன்னொன்று எங்கோ இருக்கிறது என்ற எண்ணம் அவர் தலையில் ஏறி உட்கார்ந்து பல வருஷமாகிறது. கண்ணில் ஆரம்பித்தது. இப்போது காதுக்கு வந்திருந்தது.

மறுநாள் மதியம் மூன்று பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தார்.

பெட்டிகளைக் கொடுத்தவர் கடைத்தெருக் கோடியில் பாட்டுச் சாதனங்கள் விற்கிறவர். தெருவில் அவருக்குப் பெயர் சத்தக்கடைக்காரர். ஆனால் அவர் கடையில் சத்தமே இருக்காது. சுவரெல்லாம் பஞ்சு. பேசினால், வார்த்தை வாயை விட்டு வந்த இடத்திலேயே செத்து விழும். அந்தக் கடைக்குள் நின்றால் நம் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் நமக்குக் கேட்கும். அதுவும் வேறு யாருடைய நெஞ்சோ என்று சந்தேகமாக இருக்கும்.

"பிளேனர் மேக்னெடிக்" என்றார் அவர், மந்திரம் ஓதுகிறவர்போல. "சாதாரண ஹெட்ஃபோன்ல ஒரு கூம்பு இருக்கும் சார். இதுல கூம்பே கிடையாது. முடியைவிட மெல்லிசா ஒரு படலம். அது மேல கம்பி ஓடும். ரெண்டு பக்கமும் காந்தம். படலம் முழுக்க ஒரே மூச்சுல அசையும்."

"அசைஞ்சா?"

"பாட்டு மட்டும் கேட்காது. பாட்டைப் பதிவு பண்ணின ரூமே கேட்கும். யாரு மூச்சு விட்டாங்க, யாரு காலை நகர்த்தினாங்க, எல்லாம். அந்த ரூம்ல இருந்தவங்க ஒவ்வொருத்தரா வந்து உங்க பக்கத்துல உட்காருவாங்க." குரலைத் தாழ்த்தினார். "அவங்கள்ல பாதிப் பேரு இப்ப உயிரோட இல்லை."

கண்ணாடிக் கடைக்காரரின் முதுகில் ஏதோ ஊர்ந்தது. அதை ரசனை என்று எண்ணிக்கொண்டார்.

சத்தக்கடைக்காரர் மேலும் ஏதோ சொன்னார். பின்பக்கம் வலை, மூடாத அமைப்பு, அதனால் என்ன ஆகுமென்றால் என்று ஆரம்பித்தார். அதற்குள் இவர் ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிவிட்டார். ஒரு துளி விடாமல் கேட்கப்போகிற மனிதர், சபதம் எடுத்த மறுநாளே விட்ட துளி இதுதான். பத்து நாள் வைத்துக் கேட்டுப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டைத் திருப்பலாம் என்று ஏற்பாடு. விலையை அவர் வீட்டில் சொல்லவில்லை. எனவே இங்கேயும் அது வேண்டாம்.

"எங்க உட்கார்ந்து கேட்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"பின் ரூம்லதான். வீட்டுலேயே அமைதியான இடம்."

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

அந்த ரூம் ஏன் அமைதியாக இருக்கிறது என்றால், அதற்குள் அவர் போவதில்லை. ஒரு தையல் மிஷின், ஒரு பிரம்பு நாற்காலி, நூலகத்துத் துப்பறியும் நாவல்கள் ஒரு வரிசை, துணி காயப்போடும் முற்றத்தைப் பார்த்த ஒற்றை ஜன்னல். மதியம் இரண்டு மணிக்கு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நாலு மணிக்கு வெளியே வருவாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில், "என் சீப்பு எங்கே?" என்ற கேள்வி நுழையாத இரண்டு மணி நேரம் அது. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த நாற்காலியும் அந்தச் சாத்திய கதவும்தான்.

"பத்து நாள்தானே?"

"பத்து நாள் கழிச்சு தச்சர் வராரு. சுவருக்குப் பஞ்சு அடிச்சு, ஜன்னலை அடைச்சு, நிரந்தரமா ஒரு இசை ரூம்."

"என் மிஷின்?"

"ஹால்ல போட்டுக்கோயேன். காத்தோட்டமா இருக்கும்."

அவள் கத்தவில்லை. "சரி" என்றாள். உடனே "சரி" என்று அவள் சொன்னது அதற்கு முன்னால் இரண்டே தரம். இரண்டு தரமும் அவர் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. அந்தக் கணக்கு அப்போது அவருக்கு நினைவு வரவில்லை.

"இந்த வீட்டை வாங்கினப்ப அந்த ரூம் மட்டும் பூட்டியிருந்துதே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"சாவி தொலைஞ்சு போச்சுன்னாங்க."

"ஆமா. அப்படித்தான் சொன்னாங்க."

மறுபடி பட்டாணியை உரிக்க ஆரம்பித்தாள்.

அவர் எடுத்துக்கொண்ட பாட்டு ஒன்றே ஒன்று. ஒரு தனி வயலின். காலி மண்டபத்தில் எந்தக் காலத்திலோ யாரோ வாசித்தது. ஏழாவது நிமிஷத்தில் வில் நிற்கும். பத்து எண்ணும் நேரத்துக்கு மௌனம். அப்புறம் மறுபடி தொடங்கும். முதல் நாள் கறுப்பு ஹெட்ஃபோன்: பல் வலிக்காரன் பாடுவதுபோல இருந்தது. இரண்டாம் நாள் வெள்ளி: நல்ல நாதம், ஆனால் இரண்டு காதிலும் பூட்டைத் தொங்கவிட்ட கனம். மூன்றாம் நாள் மரக்கிண்ணம் வைத்தது. அதை மாட்டியதும் வயலின்காரர் முழங்கை உரசும் தூரத்தில் வந்து உட்கார்ந்தார். இதுதான், இதுவேதான் என்று முடிவு கட்டினார்.

நான்காம் நாள். மதியம் இரண்டே கால். முற்றத்து வெயில் ஜன்னல் திரையில் மஞ்சளாக நின்றது. திரை அசையவில்லை. ஏழாவது நிமிஷம், வில் நின்றது. மௌனம்.

இடது காதருகே ஒரு பெண் மூச்சு விட்டாள்.

நீளமான மூச்சு. வெகுநாள் காத்திருந்து அலுத்த மூச்சு.

பதிவில் இருந்தவள், பாவம், இப்போது உயிரோடு இருக்கிறாளோ என்னவோ என்று நினைத்துப் பூரித்தார். நாற்பது வருஷமாகக் கேட்ட பாட்டில் இத்தனை நாள் இவள் ஒளிந்திருந்திருக்கிறாள்!

ஐந்தாம் நாள், அதே மௌனத்தில், அதே காதில், "எழுந்திரு" என்றாள்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறியாத குறை. ரூமில் யாரும் இல்லை. தையல் மிஷின் துணியுறை போட்டுக்கொண்டு, தலை குனிந்த ஆள்மாதிரி இருந்தது. சமையலறைக்கு ஓடினார். மனைவி ஈரக்கையோடு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், நீ ஏதாவது சொன்னியா?"

"நான் சொன்னா என்னைக்கு உங்க காதுல விழுந்திருக்கு?"

நியாயம்தான். அந்தப் பதிலில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆறாம் நாள் தொழில்முறையில் இறங்கினார். குரல் பாட்டுக்குள் இருந்தால், ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டியதும் இடது பக்கத்துக் குரல் வலது காதுக்கு வரவேண்டும். ஒண்ணா, ரெண்டா என்று பார்த்துவிடலாம். திருப்பி மாட்டிக்கொண்டார். ஏழாவது நிமிஷம். மௌனம். வலது காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"இது என் நாற்காலி" என்றாள் அவள். இடது காதில்.

அப்படியென்றால் அவள் பாட்டுக்குள் இல்லை. ரூமுக்குள் இருக்கிறாள். பிரம்பு நாற்காலி அவருக்குக் கீழே மெதுவாகக் கிறீச்சிட்டது. அவர் அசைந்ததாக அவருக்கு நினைவில்லை.

மறுநாள் பின் ரூமுக்குப் போகாமல் சத்தக்கடைக்குப் போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மனிதர் பஞ்சுச் சுவர் அதிரச் சிரித்தார்.

"அன்னைக்கே சொன்னேனே சார்! பின்பக்கம் திறந்தது. காதை அடைக்கிற சாமான் இல்லை. நீங்க கேட்கறது வெளியில போகும், வெளியில பேசறது உள்ள வரும். இடது பக்கம் ஜன்னல் இருக்கா?"

இருந்தது.

"வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் அவளும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக் கடைக்காரருக்கு முகம் சிவந்தது. பயம் போன இடத்தில் ரோஷம் வந்து உட்கார்ந்தது.

எட்டாம் நாள் பொறி வைத்தார். பிரம்பு நாற்காலியில் ஒரு தலையணையை நிறுத்தி, அதற்கு ஹெட்ஃபோனை மாட்டி, வயலினை ஓடவிட்டார். ஓசைப்படாமல் முன்வாசலால் வெளியேறி, சந்து வழியாக முற்றத்துக்கு வந்து, காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்புக்குப் பின்னால் நின்றார். ஈரத்துணி சொட்டும் சத்தம். வேறு சத்தமில்லை.

பின்கதவு திறந்தது. மனைவி துணிக்கூடையோடு வந்தாள். நேரே ஜன்னலருகே போனாள். தலையைச் சாய்த்தாள். திரைக்கு அந்தப்பக்கம் வயலின் ஈ பறப்பதுபோல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அது நின்றது. அவள் ஜன்னல் கம்பியில் வாயை வைத்து, யார் குரலோ என்று நினைக்கும்படி, "இன்னுமா எழுந்திருக்கலே?" என்றாள்.

"பிடிச்சேன்!" என்று விரிப்பைக் கிழிக்காத குறையாக அவர் பாய்ந்தார். "கையும் களவுமாப் பிடிச்சேன்!"

அவள் அவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"நீங்க எங்கேர்ந்து வரீங்க?"

"பேச்சை மாத்தாதே! அஞ்சு நாளா ஆட்டி வச்சியே! ஒத்துக்கோ!"

"ஒத்துக்கறேன். மூணாம் நாள் துணி காயப்போடறப்ப உங்க வயலின் இங்க வரைக்கும் கேட்டுது. அது உள்ளேர்ந்து வெளியில வந்தா நான் வெளியிலேர்ந்து உள்ள போகலாமேன்னு பார்த்தேன். தப்புதான். ரூம் உங்களுக்கே. தச்சரை வரச் சொல்லுங்க."

அவ்வளவு சுலபமாக ஜெயித்து அவருக்குப் பழக்கமில்லை. நெஞ்சை நிமிர்த்தினார். "அப்படி வா வழிக்கு. பேயாம் பேய்!"

அவள் ஒரு துண்டை எடுத்துப் பிழிந்தாள். ரொம்ப நேரம் பிழிந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க எவ்வளவு நேரமா இங்க நிக்கறீங்க?"

"பாட்டு ஆரம்பிச்சதிலேர்ந்து. ஏன்?"

"ரூம்ல யாரு?"

"யாருமில்லை. தலையணை."

அவள் துண்டைக் கூடையிலேயே போட்டாள்.

"விளையாடாதீங்க. இப்ப நான் 'இன்னுமா எழுந்திருக்கலே'ன்னு கேட்டேன் இல்லையா? உள்ளேர்ந்து 'மாட்டேன்'னு பதில் வந்துதே. நீங்கதான் கண்டுபிடிச்சுட்டு வீம்பு பண்றீங்கன்னு நினைச்சேன்."

விரிப்பின் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?" என்று அவர் கேட்டார். கேட்டது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இப்ப யோசிச்சா..." என்றாள். "வேண்டாம், விடுங்க. உங்க ரூம். நீங்க போய்ப் பாருங்க."

ஜன்னலுக்குள் வயலின் மறுபடி தொடங்கியிருந்தது. திரை ஒரு விரற்கடை உள்ளே இழுபட்டு, மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. காற்றாகவும் இருக்கலாம். முற்றத்தில் வேறெந்தத் துணியும் ஆடவில்லை.

ஹெட்ஃபோனை அவள்தான் உள்ளே போய் எடுத்து வந்தாள். தலையணையையும் தட்டி எடுத்து வந்தாள். "நான் அந்த ரூம்ல இருபது வருஷமா உட்கார்றேன், என்னை ஒண்ணும் பண்ணாது" என்றாள். "அதுக்கு என்னைப் பழகிடுச்சு போல."

சொன்ன நாளில் தச்சர் வந்தார். பஞ்சு அடிக்கவில்லை. ஜன்னலை அடைக்கவில்லை. பின் ரூம் கதவுக்கு உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் வைத்துவிட்டுப் போனார்.

மரக்கிண்ண ஹெட்ஃபோனைக் கண்ணாடிக் கடைக்காரர் வாங்கிவிட்டார். இப்போதெல்லாம் மதியம் ஹாலில், தையல் மிஷின் வரவேண்டியிருந்த இடத்தில் உட்கார்ந்து கேட்கிறார். நல்ல காத்தோட்டம். தெருவில் போகும் லாரி, குக்கர் விசில், எதிர்வீட்டுக்காரர் தும்மல், எல்லாம் அந்த மெல்லிய படலம் வழியாக ஒரு துளி விடாமல் வருகின்றன. சபதம் நிறைவேறிவிட்டது.

ஏழாவது நிமிஷத்தில் வில் நிற்கும்போது, தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். நாள் தவறாமல் கேட்கும். உலகத்தையே "ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்கிற மனிதர் அப்போது மட்டும் வாயைத் திறக்காமல், சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறார்.