மூன்று விநாடி எடுத்த வண்டி

கரும்பலகையின் நான்கு திருகுகளில் ஒன்றைத் தச்சர் ஏற்கெனவே கழற்றிவிட்டார். "மிச்ச மூணையும் கழட்டலாமா சார்?" என்று கேட்டார்.

"தொடாதீங்க" என்றார் சாக்பீஸ்.

இயற்பியல் ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது. இருபத்திரண்டு வருடமாக எல்லாக் கணக்கையும் கையாலேயே போட்டு, சட்டைப் பை வெள்ளையாகத் திரிபவர். பலகை போய்த் திரை வரும், இனிக் கணக்கை மென்பொருள் போடும் என்று முடிவாகியிருந்தது. கடைசி நேரத்தில் பள்ளி முதல்வர் அம்மாவிடம் மல்லுக்கட்டி ஒரு போட்டிக்குச் சம்மதம் வாங்கியிருந்தார். ஒரே கணக்கு. இவர் கையால், புதிதாக வந்த இளம் ஆசிரியர் மென்பொருளால். ஜெயிக்கிறவர் வழிதான் இனி வகுப்புக்கு.

பின்வாசலின் இரண்டு படிகளுக்கு மேல் ஒரு மரச் சாய்தளம் இருக்கிறது. அதில் ஆய்வக வண்டியை விட்டால் கீழே வர எத்தனை விநாடி? சாக்பீஸ் படம் போட்டார். நீளம் நாலு மீட்டர். கோணம், வழக்கம்போல, முப்பது டிகிரி. எல்லாவற்றையும் எழுத்துகளாகவே நகர்த்தி, நிறையை இரு பக்கமும் அடித்துவிட்டு, கடைசி வரியில்தான் எண்களைப் போட்டார்.

"ஒன்னு புள்ளி ரெண்டு எட்டு" என்று கையைத் தட்டித் தூசியை உதறினார்.

இளைஞரும் அதே எண்களைத் தட்டினார். மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆறு நிமிடம் எடுத்தது. பிறகு அதுவும் 1.28 என்றது.

"ரெண்டு பேரும் ஒன்னையே சொன்னா நான் யாருக்குத் தீர்ப்பு சொல்றது?" முதல்வர் எழுந்தார். "வாங்க, வண்டியையே கேட்டுடலாம். இனி அதோட நேரத்தை யார் சரியா சொல்றாங்களோ அவங்கதான்."

வண்டி ஆடி அசைந்து மூன்று புள்ளி நான்கு விநாடியில் வந்து சேர்ந்தது.

"கடிகாரத்தைச் சரியா அமுக்கினீங்களா மேடம்?" என்று கேட்டார் சாக்பீஸ்.

"எனக்கு அமுக்கத் தெரியும் சார்."

சாக்பீஸ் அசரவில்லை. "உராய்வுதான். எண்ணெய் விட்டா கணக்குக்கு வந்துடும்."

தச்சரிடம் எண்ணெய் வாங்கி நாலு சக்கரத்துக்கும் தாராளமாக ஊற்றினார். வண்டி இப்போது மூன்று புள்ளி ஒன்றில் வந்தது. வந்தது நிற்காமல் போய், முதல்வர் ஆசையாய் வளர்த்த மூன்று பூந்தொட்டிகளை உடைத்தது.

"என் ரோஜா" என்றார் முதல்வர்.

"எடை பத்தலை மேடம். புத்தகம் ஏத்தறேன்."

"சார், நிறையைத்தான் நீங்க அடிச்சிட்டீங்களே" என்றார் இளைஞர்.

காதில் விழாதவர்போல சாக்பீஸ் எட்டுத் தடிப் புத்தகங்களோடு மேலே ஏறினார். பாதி வழியில் சிந்திக்கிடந்த எண்ணெயில் கால் வழுக்கி, உட்கார்ந்தபடியே இறங்கி வந்தார். அவருக்கு எத்தனை விநாடி ஆயிற்று என்று யாரும் குறிக்கவில்லை.

இதற்குள் இளைஞர் திரையில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். "காத்துத் தடையைக் கூட்டினேன் மேடம். பாருங்க, மூணு புள்ளி ஒன்னு."

"அவ்வளவு தடை வேணும்னா நாம எல்லாரும் தேனுக்குள்ளதான் நிக்கணும்பா" என்றார் சாக்பீஸ், தரையிலிருந்தே.

"விடை வந்துடுச்சே சார்."

"வந்துடுச்சு இல்ல, அப்புறம் என்ன?" முதல்வர் தச்சர் பக்கம் திரும்பினார். "பலகையைக் கழட்டிடுங்க."

சாக்பீஸ் தரையிலிருந்து எழுந்தார். எந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே என்று இத்தனை வருடமாக அந்தப் பலகை முன்னால் நின்றுதான் சொல்லியிருக்கிறார். தோற்றது அவர் கணக்கு இல்லை, அது மட்டும் அவருக்கு நிச்சயம். எங்கே தோற்றது என்றுதான் தெரியவில்லை.

தச்சர் நகரவில்லை. சாய்தளத்தையும் இரண்டு ஆசிரியர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கழட்டறேன் மேடம். அதுக்கு முன்னாடி ஒன்னு கேக்கணும். இவங்க ரெண்டு பேரும் முப்பது டிகிரி, முப்பது டிகிரின்னு சொல்றாங்களே, யாராவது அளந்தாங்களா? இதைச் செஞ்சு போட்டதே நான்தாங்க. வெறும் அஞ்சு டிகிரி. முப்பதுல போட்டிருந்தா அதுக்குப் பேரு சறுக்குமரம்."